ஸ்டெல்லா டீச்சரின் குதிகால்

செவ்வாய்க்கிழமை காலை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது குணசீலனிடமிருந்து போன் வந்தது. தபால் ஆபீஸில் ஆயுள் முழுக்க வேலை பார்த்த மனிதர் அவர். ஒன்பது மணிக்கு முன்னால் யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார். ஏழேகாலுக்கு அவர் பெயரைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். "சாரதா, டீச்சர் தவறிட்டாங்க. விடியக்காலைல, தூக்கத்துலயே. முகத்தப் பாத்தா ஒண்ணும் தெரியல, நல்லாத்தான் இருக்காங்க" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. "நல்லாத்தான் இருக்காங்கன்னா..." என்று இழுத்தவர், அப்படியே போனை வைத்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். பத்து நாளைக்கு முன்புதான் ராஜகீழ்ப்பாக்கத்தில் டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், காபி குடித்துக்கொண்டே எனக்கு உத்தரவு போட்டார். "என் அடக்கத்துக்கு வந்து ஆளுக்கொரு மூலையில மூக்கச் சிந்திக்கிட்டு நிக்காதீங்க. உயரப்படி வரிசையா நில்லுங்க. குணசீலன் முதல்ல. அவரக் கூன் போடாம நிக்கச் சொல்லு." போனை வைத்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. சிரித்து முடித்த பிறகு உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் பீன்ஸ் பொரியல் நடக்கவில்லை.

அவரை அறிந்த உங்களில் பெரும்பாலானவர்கள் விசிலோடுதான் அவரை அறிந்திருப்பீர்கள். நுங்கம்பாக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில், காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ, புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிய ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த உருவம். அவரிடம் படித்தவர்கள் இன்றும் கூட்டத்தில் அந்தக் குரலைக் கேட்டால் முதுகை நிமிர்த்துவார்கள். நான் அவரிடம் படித்தவள் இல்லை. நான் அவரோடு ரயிலில் போனவள். அதனால் எனக்குத் தெரிந்த ஸ்டெல்லா டீச்சர் வேறு. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் தாம்பரத்திலிருந்து எட்டுப் பத்துக்கு ஒரு மின்சார ரயில் கடற்கரைக்குப் போகும். மீட்டர் கேஜ் வண்டி. ஆடுகிற ஆட்டத்தில் காலையில் சாப்பிட்ட இட்லி பல்லாவரத்துக்குள் செரித்துவிடும். அதில் பெண்கள் பெட்டி எங்கள் இரண்டாவது வீடு. பூக் கட்டுவோம், கீரை ஆய்வோம், மாமியாரைப் பற்றிப் பேசுவோம், பேசியது போதாதென்று சாயங்கால வண்டியிலும் தொடர்வோம். நான் அப்போது டெலிபோன் ஆபரேட்டர். ஒரு நாள் குரோம்பேட்டை தாண்டி வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து எழுந்தபோது, கதவோரம் நின்றிருந்த நெட்டையான பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க டான்ஸ் ஆடினவங்கதானே?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரியும்?"

"கம்பியப் பிடிக்காம நிக்கறீங்க. வண்டி ஆடினா உங்க கால் தானா சரி பண்ணிக்குது. நானும் மூணு நாளாப் பாக்கறேன்."

"அதெல்லாம் நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு" என்றேன்.

"நீங்க நிறுத்திட்டீங்க. கால் நிறுத்தலையே" என்றார்.

நிறுத்திய கதையை நான் அதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அவரிடம் மாம்பலம் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். பத்தொன்பது வயதில் ஒரு சபாவில் வர்ணம் ஆடிக்கொண்டிருந்தபோது அடுத்தது என்ன என்பதே எனக்கு மறந்துபோனது. மிருதங்கக்காரர் எனக்காக ஒரு ஆவர்த்தனம் காத்திருந்தார். இன்னொரு ஆவர்த்தனமும் காத்திருந்தார். நான் சபையைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனவள்தான். அன்று கழற்றிய சலங்கையைப் பிறகு தொடவில்லை. இதைச் சொன்னால் யாராக இருந்தாலும் "அடடா" என்பார்கள். டீச்சர் கேட்டது, "அந்த மிருதங்கக்காரர் பாவம், அப்புறம் என்ன பண்ணினார்?" பதினோரு வருடத்தில் முதல் முறையாக அந்த நாளை நினைத்து நான் சிரித்தேன்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. அந்த எட்டுப் பத்து வண்டியையே மேடையில் ஓட்ட வேண்டும். செட் கிடையாது, நாற்காலி கூடக் கிடையாது. மனித உடம்புகளே வண்டி, உடம்புகளே ஜன்னல், உடம்புகளே கூட்டம். வசனம் ஒன்றும் இல்லை. வாத்தியம் மட்டும் நேரில் வாசிக்க வேண்டும். நாடகமா என்றால் நாடகம், நடனமா என்றால் நடனம். "இதுக்கு என்ன பேர் வைக்கறதுன்னு எனக்குத் தெரியல. முதல்ல செய்வோம், பேர் வைக்கறவங்க வெச்சுக்கட்டும்" என்றார். பெட்டியிலிருந்தே ஆள் சேர்த்தார். ஒரு நர்ஸ், ஒரு தையல் டீச்சர், இரண்டு பேங்க் கிளார்க்குகள், நான். ஆணும் பெண்ணுமாக அவர் சர்ச்சிலிருந்து இன்னும் சிலர். பாடகர் குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்த குணசீலனைப் பாதி மிரட்டி, பாதி கெஞ்சி இழுத்து வந்தார்.

இடம் தந்தவர் கன்னியப்பன் அண்ணன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தார். ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் பம்பை அடிப்பவர் என்பது தெரிந்ததும் டீச்சர் அவரையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. இயந்திரங்களுக்குச் சாக்குப் போட்டு மூடிவிட்டு நடுவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். முதல் நாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னா டீச்சர், டிராமான்ற, ஒரு வசனம் கூட இல்லன்ற. அப்ப ஜனங்க இன்னாத்துக்கு வந்து குந்திகினு இருக்கும்?"

"உங்க பம்பையக் கேக்க" என்றார் டீச்சர்.

"அப்ப கரீட்டு" என்றார் அண்ணன்.

எங்களுக்கு டைரக்டர் என்று யாரும் கிடையாது. டீச்சருக்குத் தான் சொன்னபடி மற்றவர் ஆடுவது அலுத்துப் போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் அதைத்தானே நாள் முழுக்கச் செய்கிறார். அதனால் ஒரே ஒரு சட்டம் போட்டார். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்து காட்டலாம். யார் வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் "வேணாம்னு சொன்னவங்க வேற ஒண்ண செஞ்சு காட்டணும். அங்கயே, அப்பவே." கேட்க எளிதாக இருந்தது. இரண்டாவது வாரமே குறை சொல்லும் ஆசை எங்களில் பாதிப் பேருக்குப் போய்விட்டது.

இந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியவர் கன்னியப்பன் அண்ணன்தான். கூட்டத்தில் ஒரு குண்டுப் பெண்மணி சறுக்கி விழுகிற காட்சி. தையல் டீச்சர் விழுந்து காட்டினார். "வேணாம்மா, இப்டியா வுழுவாங்க? பொத்துனு பூனை குதிக்கிற மாதிரி கீது" என்று அண்ணன் சொல்லிவிட்டார். டீச்சர் நடு இடத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். அண்ணன் பம்பையைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓடுகிற வண்டியில் ஏறுகிறவராக நாலு அடி ஓடி வந்தார். உண்மையாகவே வழுக்கிவிட்டது. மூடி வைத்திருந்த லேத்தைப் பிடிக்கப் போய்ச் சாக்கோடு கீழே வந்தார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். தையல் டீச்சர் அந்த விழுதலை அப்படியே கற்றுக்கொண்டு மேடையில் விழுந்தார். ஒவ்வொரு முறையும் அதற்குக் கைதட்டல் வாங்கினார். "அது என் வுழுவு" என்று அண்ணன் கடைசி வரை உரிமை கொண்டாடினார்.

கோவளத்துக்கு எங்களை அழைத்துப் போனதும் அந்த நாட்களில்தான். வண்டி பிரேக் போடும்போது பத்துப் பேரும் ஒரே உடம்பாகச் சாய வேண்டும். எங்களுக்கு அது வரவே இல்லை. ஆளுக்கொரு திசையில் சாய்ந்தோம். டீச்சர் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக் கோவளம் கடற்கரைக்குக் கொண்டுபோய், படகைக் கரைக்கு இழுப்பவர்களைப் பார்க்கச் சொன்னார். பார்த்தால் போதாதென்று கயிற்றையும் பிடிக்கச் சொன்னார். நாங்கள் பயந்து பயந்து படகின் ஓரத்தில் கைவைத்தோம். அங்கிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "இன்னாம்மா, படகத் தடவிக் குடுத்துகினு கீறீங்க? இஸ்து வுடுங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். இழுத்தோம். படகு நகர்ந்த அந்த நொடியில் பத்துப் பேரின் பாரமும் ஒரே இடத்தில் சேர்ந்ததை உடம்பில் உணர்ந்தேன். அடுத்த ஞாயிறு எங்கள் வண்டி பிரேக் போட்டது. புடவையெல்லாம் மணலும் மீன் வாசமுமாகத் திரும்பியதற்கு என் மாமியார் கேட்ட கேள்விகளை இங்கே எழுத இடமில்லை.

இப்போது ஒரு இடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னியப்பன் அண்ணன் பட்டறைக்கும் பக்கத்துப் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அங்கே பீரோவுக்கான கீல்களை அடித்துத் தள்ளும் பவர் பிரஸ் ஒன்று இருந்தது. ஞாயிறும் அதற்கு ஓய்வில்லை. டம், கொஞ்சம் இடைவெளி, டம், கொஞ்சம் இடைவெளி. தரையே அதிரும். முதல் வாரம் எல்லோருக்கும் தலைவலி. மூன்றாவது வாரம் அது யார் காதிலும் விழவில்லை. எட்டு மாதம் அந்த இடத்தில் ஒத்திகை பார்த்தோம். பழகிப் போய்விட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். உண்மையில் எங்கள் நடை, எங்கள் திரும்பல், குணசீலனின் வில், அண்ணனின் குச்சி எல்லாமே அந்த இடியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன. அது எங்களில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை.

டீச்சருக்கென்று அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு இடம் வைத்திருந்தோம். நாற்பது நிமிடமும் அவர்தான் பெட்டியின் வாசல். பின்னால் நடுவில் கைகள் இரண்டையும் தூக்கி விரித்து அசையாமல் நிற்பார். நாங்கள் அவர் கைக்கு அடியில் ஏறி இறங்குவோம். கடற்கரை ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கிய பிறகு, காலியான பெட்டியில் அந்த வாசல் மெதுவாகக் கையை இறக்கும். ஒரு பெண்ணாகும். ஐந்து நிமிடம் தனியாக ஆடும். அந்த ஐந்து நிமிடத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்தோம். கைகள் நான் கொடுத்தவை, ராகம் குணசீலன் கொடுத்தது, நடை அண்ணன் பம்பையில் பிறந்தது. அதன் அடியில் இருந்ததோ டீச்சர் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற டிரில்தான். கை மேலே, பக்கவாட்டில், கீழே. அதே அசைவுகள், ஆனால் யாரும் எண்ணாமல்.

அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் ஒத்திகை முடிந்து குன்றத்தூர் சாலையில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரே சொன்னார். "இருபது வருஷமாப் புள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சிருக்கேன் சாரதா. ஆண்டு விழான்னா நான் திரைக்குப் பின்னாலதான். லைட்டு விழற இடம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே ஒரு தடவ வரிசைய விட்டு வெளிய வரணும்." அவர் எதையும் கேட்டுப் பழகாதவர். கேட்டது இந்த ஐந்து நிமிடம்தான்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளி அரங்கம் கிடைத்தது. பலகை போட்ட பழைய மேடை. அன்று ஒரு நாள் மட்டும்தான் தந்தார்கள். காலையில் நாற்காலி போடும் கலவரத்தில் யார் எங்கே நிற்பது என்று மட்டும் பார்த்துக்கொண்டோம். சாயங்காலம் அரங்கம் நிறைந்துவிட்டது. எட்டுப் பத்து வண்டியே குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தது. முன் வரிசையில் டீச்சரின் தலைமையாசிரியை. திரை விலகியது. நாங்கள் பத்துப் பேரும் வண்டியாக நின்றோம்.

நிசப்தம்.

வண்டி கிளம்ப வேண்டும். ஒருவர் இப்போது நகர்ந்தார், இன்னொருவர் அப்புறம் நகர்ந்தார். முன்னால் ஜன்னலாக நின்ற நர்ஸ் திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணனின் குச்சி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தடுமாறி நின்றது. அவர் வாசித்துப் பழகியதெல்லாம் ஒரு இடிக்கும் அடுத்த இடிக்கும் நடுவில் விழுகிற அடிகள். இடியையே அடிக்கப் போனால் நடுவில் வாசிக்க ஆளில்லை. எங்கேயோ ஒரு பிள்ளை சிரித்தது. எனக்குப் பத்தொன்பது வயதில் நின்ற அந்தச் சபா மேடை திரும்பி வந்துவிட்டது. அதே வெளிச்சம், அதே காத்திருப்பு, அடுத்தது என்ன என்று தெரியாத அதே வெறுமை. கையைக் கூப்பிவிட்டு உள்ளே போய்விடலாம் என்று நினைத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கை கூப்பக்கூட வரவில்லை.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து கேட்டது. டம்.

கொஞ்சம் இடைவெளி. டம்.

வாசல் இடித்துக்கொண்டிருந்தது. கைகள் இரண்டும் மேலே தூக்கியபடியே, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், டீச்சர் வலது குதிகாலால் பலகையை ஓங்கி ஓங்கி இடித்தார். அரை நிமிடத்துக்குள் எங்களுக்கு இல்லாமல் போனது என்ன என்பதை அவர் ஒருவர்தான் கண்டுபிடித்திருந்தார். பத்து உடம்பும் அதைப் பிடித்துக்கொண்டன. அண்ணனின் குச்சி இடம் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கொண்டாட்டம். நான் பூக் கட்டினேன், என் விரல்கள் எதையும் மறக்கவில்லை. ஜன்னல் சீட்டுச் சண்டைக்குச் சபையே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. தையல் டீச்சர் அண்ணனின் 'வுழுவு' விழுந்தார். வண்டி மாம்பலத்தில் பிரேக் போட்டபோது முதல் நாலு வரிசையும் எங்களோடு சாய்ந்தது. கடற்கரை வந்து நாங்கள் வேகம் குறைத்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள் பழக்கதோஷத்தில் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். பக்கத்தில் இருந்தவர் பிடித்து உட்கார வைத்தார். அவ்வளவு நேரமும் அந்தக் குதிகால் ஒரு இடியைக்கூடத் தவறவிடவில்லை.

எல்லோரும் இறங்கிவிட்டோம். நான் பக்கத் திரைக்குப் பின்னால், கயிறு இழுப்பவர் அருகில் நின்றேன். மேடையில் டீச்சர் மட்டும். வெளிச்சம் அவர் மேல் விழுந்தது. கையை மெதுவாக இறக்கினார். வாசல் பெண்ணாயிற்று. முதல் அடி எடுத்து வைக்க வலது காலைக் கீழே வைத்தார். உடனே மேலே தூக்கிவிட்டார். குதிகால் தரையைத் தொட மறுத்தது. அவர் அடிக்காததால் இடியும் நின்றுபோயிற்று. மறுபடி அந்த நிசப்தம். ஒரு காலில் நின்றபடி டீச்சர் என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் நின்றது. வலியால் இல்லை என்று எனக்குத் தெரியும். சபைக்குத் தெரியாமல் விரல்களால் மட்டும் சைகை காட்டினார். போதும், திரையை இழுத்துவிடு.

கயிறு இழுப்பவர் கயிற்றில் கை வைத்தார்.

"வேணாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. வேண்டாம் என்று சொன்னவள் நான். அங்கேயே, அப்போதே செய்து காட்ட வேண்டும். அத்தனை வருடப் பயத்துக்கு அந்த நேரத்தில் யோசிக்க இடம் கிடைக்கவில்லை. மேடைக்குள் போனேன். அவருக்குப் பின்னால், அவர் வாசலாக நின்ற இடத்தில், அரைமண்டியில் உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற தட்டடவு ஒன்று இருக்கிறது. காலைத் தூக்கித் தரையில் தட்டுவது, அவ்வளவுதான். தட்டினேன். டம். கொஞ்சம் இடைவெளி. டம்.

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு டீச்சர் பார்வை. முதுகு நேராக இருக்கிறதா என்று பார்த்திருப்பார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி, ஆடினார்.

வலது காலில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, நொண்டி நொண்டி ஆடினார். ஒத்திகையில் ஒரு துள்ளல் இருந்த இடத்தில் இப்போது இடது கால் விரல்களில் எழும்பி, இரண்டு கைகளையும் உயர்த்தி, இல்லாத கம்பியிலிருந்து கையை விட்டுவிட்டு அப்படியே நின்றார். கீழே இறங்க அவருக்கு மனமே இல்லை. குணசீலன் வில்லை எடுக்காமல் அந்த ஒரே சுரத்தைப் பிடித்து வைத்திருந்தார். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. இறங்கிப் போயிருந்த மற்ற எட்டுப் பேரும் இரண்டு பக்கத் திரை மறைவிலும் நின்று எனக்குத் துணையாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. முடிந்து கைதட்டல் எழுந்தபோது, முன் வரிசையில் தலைமையாசிரியை எழுந்து நின்றார். அவர் நின்றதைப் பார்த்ததும் டீச்சர் பழக்கத்தில் அட்டென்ஷனில் நின்றுவிட்டார்.

நர்ஸ் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை, ரத்தம் கட்டியிருக்கிறது என்றார். பத்து நாள் டீச்சர் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் கட்டுமாக எட்டுப் பத்தில் வந்தார். பெட்டியில் அவருக்கு மட்டும் எப்போதும் ஜன்னல் சீட். கன்னியப்பன் அண்ணன் பார்க்க வந்து, "டீச்சர், பக்கத்து ஷெட்ல பிரஸ் ரிப்பேருன்னா உங்களத்தான் இட்டுகினு போய் நிக்க வெக்கப் போறேன்" என்றார். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அந்த ஆட்டத்தைப் பல இடங்களில் ஆடினோம். இடிப்பதை முறை வைத்துப் பங்கு போட்டுக்கொண்டோம். டீச்சர் முறை வந்தால் மட்டும் யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே இடிப்பார். அவர் போட்ட சட்டத்தில் அவரே மாட்டிக்கொண்டு விழித்தார்.

அடக்கத்தன்று உயரப்படி நின்றோம். குணசீலன் முதலில், கூன் போடாமல். வரமுடிந்தவர்கள் ஆறு பேர். கன்னியப்பன் அண்ணன் கைத்தடியோடு வந்திருந்தார். பாதிரியார் ஜெபம் முடித்துப் பெட்டியை இறக்கும்போது அண்ணனின் வலது கால் எழும்பித் தரையில் விழுவதைப் பார்த்தேன். பிறகு குணசீலன் கால். பிறகு என் கால். மண் தரை, ஒரு சத்தமும் வரவில்லை. டீச்சருடைய தங்கை மகள் மட்டும் கவனித்துவிட்டு, "என்ன ஆன்ட்டி பண்றீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். "உன் பெரியம்மாவுக்கு வண்டி கிளம்பணும்ல" என்றேன். என் அழுகையும் சிரிப்பும் அப்போது ஒன்றாக வந்தன.

அவருடைய விசில் அந்தத் தங்கை மகளிடம் இருக்கிறது. இருக்க வேண்டிய இடம் அதுதான். என்னிடம் இருப்பது என்ன என்று யோசித்துக்கொண்டே நேற்றுக் காலை தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனேன். இப்போது அகல ரயில், எட்டுப் பத்து என்று ஒரு வண்டி கிடையாது. எட்டேகால் வாக்கில் வந்த ஒன்றில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். நல்ல கூட்டம். எனக்கு முட்டி வலி, வயதும் அறுபதைத் தாண்டிவிட்டது. சானடோரியம் தாண்டியதும் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. பக்கத்தில் நின்ற பெண் பதறி என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, கம்பியப் பிடிச்சுக்கோங்க."

"வேணாம்மா" என்றேன்.

சொல்லிவிட்டேன். இனி செய்து காட்ட வேண்டும். கடற்கரை வரை கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டே போனேன்.